எந்தப் பச்சை

பெரக்கரை நாடு, கொல்லிமலை
1943, ஆடிக் கடைசி

கண்ணு செல்லமுத்துவுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான், அம்மா, மாடு மூவரும் நல்லபடி. அம்மாவுக்கு மழையோடு முட்டிவலியும் சேர்ந்து வந்திருக்கிறது. மழை விட்டால் அதுவும் விடும். நீயும் உன் மச்சானும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அந்தப் பக்கத்துத் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது.

ஒரு காரியமாக எழுதுகிறேன், சிரிக்காதே. நீங்கள் இருவரும் பட்டாளத்தில் சேரக் காரவள்ளிக்கு இறங்கிப் போன அன்றைக்கே எல்லைக் கருப்பனுக்கு வேண்டிக்கொண்டோம். உனக்கு அம்மா கிடா நேர்ந்தாள். உன் மச்சானுக்கு நான் ஆளுக்கு ஆள் நேர்ந்தேன். மண்ணில் ஒரு பட்டாளத்தானைச் செய்து எதிரில் நிறுத்திவிட்டால், அந்தப் பொம்மையின் அடையாளத்தைப் பார்த்துக் கருப்பன் ஆளைத் தேடிப்போய்ப் பக்கத்திலேயே நிற்பான். அடையாளம் தப்பினால் காவல் வேறு எவனுக்கோ போய்விடும். மற்றவர்கள் என்றால் பேரைச் சொல்லி நிறுத்திவிடலாம். கட்டிய பெண்டாட்டி பேரைச் சொல்ல முடியுமா? அதனால் எனக்கு அடையாளம்தான் பேர்.

காளப்பநாயக்கன்பட்டிக் குயவர் அர்த்தனாரியிடம் சொல்லியிருந்தேன். சந்தைக்குப் போனபோது பொம்மை தயாராக நின்றது. சட்டை, தொப்பி, தோளில் துப்பாக்கி எல்லாம் சரி. மீசை உன் மச்சானுடையதைவிட நன்றாகவே இருந்தது. கையில் ஒரு கொடி. தகரத்தை வெட்டி வர்ணம் பூசியிருந்தார்: மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையில் ராட்டை.

எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. முதல் சண்டையில் பஸ்ரா போய்வந்த பென்ஷன் குப்புசாமி அந்தப் பக்கம் வந்தவர், பார்த்துவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க அர்த்தனாரி, சர்க்கார் சிப்பாயி கையில காங்கிரஸ் கொடியக் குடுத்திருக்கறீங்களே. போலீஸ்காரன் பாத்தா உங்களையும் புடிப்பான், இந்த அம்மிணியையும் புடிப்பான்" என்றார்.

"கொடின்னு சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச கொடி இது ஒண்ணுதானுங்க" என்றார் குயவர்.

தகரத்தை அங்கேயே பிடுங்கிச் சூளைச் சாம்பலுக்குள் புதைத்தாயிற்று. இப்போது பொம்மை வெறும் குச்சியோடு நிற்கிறது. உங்கள் பட்டாளத்துக் கொடி எப்படி இருக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுது. மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைவிட இரண்டு வகுப்பு கூடப் படித்து, பட்டாளத்துக் கம்பெனி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிறவன் நீ. தெரியாது என்று சொல்லாதே. எப்போதும்போல ராஜா முகமது ராவுத்தர் மண்டி விலாசத்துக்குப் போடு. மிளகு வாங்க மேலே வருகிற ஆட்களிடம் கொடுத்தனுப்புவார்.

சின்னக் கிடாரி சினை பிடித்திருக்கிறது என்று உன் மச்சானிடம் சொல்.

உன் அக்கா
பெருமாயி


பட்டாள லயன்
6-9-43

அக்காவுக்குத் தம்பி செல்லமுத்து எழுதிக்கொள்வது.

நானும் மச்சானும் சுகம். சோறு பரவாயில்லை; சாமைச் சோற்று ஆசையில்தான் இருவரும் இளைத்திருக்கிறோம். அம்மாவை ஈரத்தில் நடக்கவிடாதே.

காங்கிரஸ் கொடி கதையை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. சுபேதார் காதில் விழுந்துவிடப் போகிறது என்று நான்தான் வாயைப் பொத்தினேன்.

நீ கேட்டதை எழுதுகிறேன், குயவரிடம் அப்படியே சொல். கொடி பச்சைப் பட்டு. ஓரம் சுற்றிப் பொன்னிறக் குஞ்சம். நடுவில் சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள் பட்டாளத்தின் நம்பர். வட்டத்தைச் சுற்றி இலையும் பூவும் பின்னிய மாலை. மாலைக்கு மேலே ராஜாவின் கிரீடம். இரண்டு பக்கமும் பழைய சண்டைகள் நடந்த ஊர்ப் பேர்கள். அதில் பர்மாவும் ஒன்று. இன்னொரு கொடியும் உண்டு, அது ராஜா கொடி. எல்லாப் பட்டாளத்துக்கும் பொது. இந்தப் பச்சைதான் எங்களுக்கென்று உள்ளது.

ஆனால் ஒன்று. முன்காலத்தில் கொடி முன்னால் போகும், ஆட்கள் பின்னால் போவார்களாம். இப்போது கொடி சண்டைக்குப் போவதில்லை. ஆபீசர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது, அதற்கு ஒரு காவல். நாங்கள் மட்டும்தான் போவோம். கருப்பனிடம் இதையும் சொல்லி வை, கொடியைத் தேடி மெஸ்ஸுக்குள் போய் நின்றுவிடப் போகிறான்.

மச்சானுக்கு ஒரு படி உயர்வு, சட்டைக் கையில் அதற்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள். அணிவகுப்பில் "லான்ஸ் நாயக் ராசப்பன்" என்று கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவரும் திரும்பிப் பார்க்கிறார். அந்தக் கொடிக்குக் காவல் நிற்கும் முறையும் அவருக்கு வருகிறது.

மச்சான் சொல்லச் சொன்னது: சினை மாட்டை மேட்டுக்காட்டுக்கு ஓட்டாதே. பொம்மை மீசையைக் குறைக்கச் சொல், கருப்பன் ஏமாந்துவிடுவான்.

உன் தம்பி
செல்லமுத்து


பெரக்கரை நாடு
1943, ஐப்பசி

சாமி செல்லமுத்துவுக்கு அக்கா.

மழை நின்றது, அம்மா நடக்கிறாள், கிடாரி என்னைவிட நன்றாகத் தின்கிறது. உங்கள் இருவர் உடம்பையும் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்கு இரண்டு தரம் படித்தேன்.

தகரமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், துணியிலேயே தைத்துவிடலாம் என்று ராவுத்தர் வீட்டு ஜீனத் பீவியம்மா சொன்னாள். அவள் கைத்தையல் இந்தப் பக்கத்தில் யாருக்கும் வராது. நம் கருப்பனுக்கு அவள் தைத்துத் தருகிறேன் என்றதே பெரிது. நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"பச்சைன்னா எந்தப் பச்சை அம்மிணி? கிளிப் பச்சையா, பாசிப் பச்சையா, மிளகுக் கொடிப் பச்சையா? எங்க ஊட்டுல பச்சையே ஏழெட்டு இருக்குது. உங்க ஊட்டுக்காரர் உசுரு, நான் கண்ண மூடிட்டுத் தைக்க முடியாது."

அந்த நேரம் பார்த்து குப்புசாமி மண்டிக்கு வந்தார். பச்சையே இல்லை, மஞ்சள் என்று சாதித்தார். இந்தப் பச்சை உங்கள் பட்டாளத்துக்கென்றே உள்ளது என்று நீ எழுதியதைச் சொன்னேன். "அந்தப் பொடியன் எழுதினா ஆச்சா? நான் அந்தக் கொடிக்குக் கீழ நின்னு கஞ்சி குடிச்சவன்" என்றார். ராவுத்தருக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றி, மிளகு எடை போட வந்தவர்கள் எல்லாம் கொடி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு இதில் விளையாட்டு இல்லை, கண்ணு. தப்பான பச்சையை நிறுத்திவிட்டு நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று நடந்தால், அந்த நிறத்தைப் பற்றியே நினைத்து நான் சாக வேண்டும். அந்தக் கொடியில் ஓரத்தில் தொங்குகிற நூல் ஒன்று கிடைக்குமா? ஒரே ஒரு நூல். கடிதத்துக்குள் வைத்து அனுப்பு.

உன் மச்சானிடம் சொல்: மீசையைக் குறைத்தாயிற்று.

உன் அக்கா
பெருமாயி


பட்டாள லயன்
20-11-43

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

நீ கேட்டது உள்ளே இருக்கிறது. நூல் கேட்டாய், கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. விரல் நீளத் துண்டு. பீவியம்மாவிடம் சொல், இதற்கு மேல் சரியான பச்சை உலகத்தில் கிடையாது. இதையே கொடிக்குள் வைத்துத் தைத்தாலும் சரி. குப்புசாமி கண் முன்னால் ஆட்டிக் காட்டு.

எப்படிக் கிடைத்தது என்று எழுத முடியாது. அன்றைக்குக் காவல் மச்சானுடையது, அவ்வளவுதான்.

மச்சான் சொல்லச் சொன்னது: இதெல்லாம் வேண்டாம் என்றேன், உன் தம்பி கேட்கவில்லை. கன்று பெண்ணாக இருந்தால் எனக்கு எழுது, ஆணாக இருந்தாலும் எழுது.

செல்லமுத்து


பெரக்கரை நாடு
1944, தை

கண்ணு செல்லமுத்துவுக்கு,

உனக்கு ஆயிரம் புண்ணியம். பொங்கல் ஆயிற்று, கன்று பிறந்தது, பெண். நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

பீவியம்மா உன் துண்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளிடம் இருந்த எந்தப் பச்சையும் அதனோடு சேரவில்லை. பழம்பாசி நிறம், ஓரத்தில் கொஞ்சம் வெளுப்பு. கடைசியில் அந்தத் துண்டையே கொடிக்கு நடுவாக வைத்து, சுற்றிலும் வேறு பட்டு ஒட்டுப்போட்டு, வட்டம், மாலை, கிரீடம் எல்லாம் ஊசியால் போட்டுவிட்டாள். உள்ளங்கை அகலம்தான். குப்புசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். மஞ்சளைப் பற்றிப் பேசவே இல்லை. பொம்மைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

பொம்மையைத் தலையில் சுமந்து காரவள்ளிப் பாதையில் நானே ஏறினேன். எல்லையில் நிறுத்தியபோது பூசாரி காளியண்ணன், "யாருக்கம்மா காவலு?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் கொடியைத் தொட்டுக் காட்டினேன். "சரி, கொடிக்காரனுக்கு" என்று சொல்லித் திருநீறு போட்டார்.

அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்குகிறேன். உன் மச்சானிடம் இதையெல்லாம் படித்துக் காட்டு, என்ன சொன்னார் என்று எழுது.

உன் அக்கா
பெருமாயி


பட்டாளத் தபால்
2-4-44

அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை. நாங்கள் இடம் மாறி வந்துவிட்டோம், எங்கே என்று எழுதக் கூடாது. மலையும் காடும்தான். மூங்கில் நிறைய. மழை நம் ஊர் மழையைவிட மோசமாக இருக்கும் என்கிறார்கள். அட்டைப்பூச்சியும் உண்டு. அம்மாவின் முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவு.

மச்சான் வேறு வேலைக்குப் போயிருக்கிறார். சுகமாகத்தான் இருப்பார். பார்த்தால் சொல்கிறேன்.

கன்று பெண் என்று கேட்டுச் சந்தோஷம். அந்தக் கொடியில் வைத்துத் தைத்த துண்டைப் பிரித்து எடுக்க முடியுமா என்று பீவியம்மாவைக் கேள். இல்லை, வேண்டாம், இருக்கட்டும். நிறுத்தினது நிறுத்தினதாக இருக்கட்டும்.

இங்கே தீப்பெட்டி கிடைப்பது கஷ்டம். மற்றபடி ஒன்றுமில்லை.

செல்லமுத்து


பெரக்கரை நாடு
1944, வைகாசி

செல்லமுத்துவுக்கு அக்கா.

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு அப்படி இல்லை.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் ஆளைக் கேட்டேன். நீ மழையையும் மூங்கிலையும் தீப்பெட்டியையும் பற்றி எழுதியிருக்கிறாய். உன் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அவர் சொன்னதாக ஒரு வரி இருக்கும். அது எங்கே? அவர் வேறு வேலைக்குப் போனால் என்ன வேலை, எந்த ஊர், யாரோடு? நீங்கள் இருவரும் ஒன்றாகத்தான் இருப்பீர்கள் என்று நான் அவரை அனுப்பினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீ கூட இருக்கிறாய் என்ற தைரியம்தான் எனக்கு.

துண்டைப் பிரிக்கச் சொல்கிறாய், அடுத்த வரியில் வேண்டாம் என்கிறாய். சின்ன வயசில் என் பலாச்சுளையைத் தின்றுவிட்டு, "அக்கா, பசிக்குதா?" என்று வந்து நிற்பாயே, அதே பேச்சாக இருக்கிறது இது.

அடித்துக் கேட்க முடியாத தூரத்தில் இருக்கிறாய். எழுது.

பெருமாயி


பயனியர் கம்பெனி
1944, ஜூலை

பெருமாயிக்கு ராசப்பன் சொல்ல, கம்பெனி கிளார்க் சின்னுசாமி எழுதுவது.

நான் சுகம். நீயும் அத்தையும் மாடு கன்றும் சுகமாக இருக்க வேண்டும். கன்று பெண் என்று நீ எழுதியதைப் பழைய இடத்து ஆள் ஒருவர் இந்தப் பக்கம் வந்தபோது சொன்னார். என்ன பேர் வைத்தாய்?

நான் பழைய பட்டாளத்தில் இல்லை. இது மண்வெட்டிப் பட்டாளம். மலையைக் குடைந்து ரோடு போடுகிறோம், மழையில் அது சரிகிறது, மறுபடி போடுகிறோம். நம் காட்டு வேலைதான், புதிதாக ஒன்றும் இல்லை. துப்பாக்கி கிடையாது, கொடியும் கிடையாது. கையிலிருந்த பட்டை போய்விட்டது. அது இல்லாமல் கை லேசாக இருக்கிறது.

தம்பியை ஒன்றும் கேட்டு நச்சரிக்காதே. சின்னவன். அவன் சண்டை நடக்கிற இடத்தில் இருக்கிறான், மனசு கலங்கக் கூடாது. பொம்மை நன்றாக நிற்கிறதா? வெயில் பட்டால் பட்டு வெளுக்கும், மேலே ஓர் ஓலை வை.

இப்படிக்கு,
ராசப்பன் கைநாட்டு

அம்மா, இதற்குக் கீழே எழுதுவது அவருக்குத் தெரியாது. அவருக்குக் குளிர்காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. இப்படிப்பட்டவர்களை ஊருக்கு அனுப்ப ஒரு லிஸ்ட் போடுகிறோம். அவருடைய காகிதத்தில் "பட்டாளச் சொத்தைத் திருடியவர்" என்று எழுதியிருப்பதால் அவர் பேர் லிஸ்டில் ஏறுவதில்லை. என்ன திருடினீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். காய்ச்சல் ஏறினால் "பச்சை, பச்சை" என்று பிதற்றுகிறார். எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

சின்னுசாமி


17-9-44

அக்கா,

உன்னைச் சுகமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. சண்டை நடக்கிற இடத்துக்கு வந்த பிறகு எங்கள் கடிதங்களை ஓர் ஆபீசர் பிரித்துப் பார்க்கிறார். லீவில் சேலம் போகிற ஓர் ஆளிடம் கொடுத்து ராவுத்தர் மண்டியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் துண்டு கொடியிலிருந்து தானாக விழுந்ததில்லை. அன்று மெஸ்ஸில் யாரும் இல்லை. ஆபீஸ் காகிதம் வைக்கப் போகிறவன்போல உள்ளே போனேன். வாசலில் மச்சான் காவல். "வேண்டாஞ் சாமி, நூலுதான, கடைவீதில பாத்து வாங்கிக்கலாம்" என்றார். "அக்கா சரியான பச்சை வேணும்ங்கறா" என்றேன். உன் பேரைச் சொன்னதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெட்டியைத் திறந்து ஒரு நூலைத்தான் இழுத்தேன். பட்டு பழசு. காய்ந்த வாழைச் சருகு மாதிரிக் கிழிந்து என் கையோடு வந்துவிட்டது. கிழிந்த இடம் தெரியாமல் கொடியை மடித்து நிறுத்திவிட்டு வந்தேன்.

புது வருஷ அணிவகுப்புக்குக் கொடியை வெளியே எடுத்தபோது தெரிந்துவிட்டது. மைதானத்தில் எல்லோரையும் நிறுத்திவைத்து சுபேதார் கேட்டார். மச்சான், "என் காவல்ல போச்சுங்க" என்றார். யார் எடுத்தது என்றதற்கு வாய் திறக்கவில்லை. நான் பின் வரிசையில் நின்றேன். ஓர் அடி முன்னால் வைத்திருந்தால் போதும், அக்கா. கால் வரவில்லை. கத்தியால் அவர் கைப்பட்டையை அறுத்தார்கள். அறுக்கிறவனுக்கு வசதியாக அவர் கையைத் தூக்கிக் கொடுத்தார்.

இன்னும் இருக்கிறது. குற்றக் காகிதத்தை அவருக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆபீசில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். படித்தேன். முழுதும் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு மச்சான், "நல்லாப் படிக்கற சாமி" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் எனக்கு இடதும் வலதும் இருந்தவர்கள் போய்விட்டார்கள். என் தொப்பியைத் துளைத்த குண்டு என் தலையைத் தொடவில்லை. என்னை அதிர்ஷ்டக்காரன் என்று சொல்லி என் பக்கத்தில் பதுங்குகுழி தோண்ட ஆட்கள் போட்டி போடுகிறார்கள். எனக்குத் தெரியும் அது என்ன என்று. நீ நிறுத்திய கொடிக்கு உரியவன் இப்போது நான்தான். மச்சானுக்குக் கொடி இல்லை. காளியண்ணன், "கொடிக்காரனுக்கு" என்று சொல்லி அனுப்பினாரே, அந்தக் காவல் என் பக்கத்தில் வந்து நிற்கிறது. மச்சானுக்கு வைத்த சோற்றை நான் தின்றுகொண்டிருக்கிறேன்.

அதை எடுத்துவிடு, அக்கா. எடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுது.

செல்லமுத்து


பெரக்கரை நாடு
1944, ஐப்பசி

செல்லமுத்துவுக்கு,

நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்காக அம்மா அழுதாள், நானும் அழுதேன். அது அவ்வளவோடு போகட்டும்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அவர் கம்பெனிக் கிளார்க் அவருக்குத் தெரியாமல் இரண்டு வரி எழுதியிருந்தார். அவர் காய்ச்சலில் கிடக்கிறார். ஊருக்கு அனுப்புகிற லிஸ்டில் திருடன் பேர் ஏறாதாம். காய்ச்சலில் "பச்சை, பச்சை" என்கிறாராம். எந்தப் பச்சை என்று கேட்டு எழுதியவள் நான். அந்தப் பாவம் என்னுடையது. அதைக் கருப்பன் முன்னால் விழுந்து சொல்லிவிட்டேன், அதில் உனக்குப் பங்கு தரமாட்டேன். கிழித்த பாவமும் கால் எடுத்து வைக்காத பாவமும் உன்னுடையவை. அவற்றை நான் வாங்கிக்கொள்ள முடியாது.

கொடியை எடுக்கச் சொன்னாய். எடுத்துவிட்டேன். பீவியம்மா ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். "இப்படின்னு தெரிஞ்சிருந்தா கண்ண மூடிட்டே தைச்சிருப்பனே அம்மிணி" என்றாள். துண்டு இந்தக் கடிதத்துக்குள் இருக்கிறது. ஊசி போட்ட துளைகள் தெரியும். எங்கிருந்து வந்ததோ அங்கே போகட்டும்.

நீ என்னிடம் சொல்லிவிட்டாய், மனசு கொஞ்சம் லேசாகியிருக்கும். சொல்ல வேண்டியது என்னிடம் இல்லை, கண்ணு. உன் ஆபீசர் பிரித்துப் படித்துவிடுவார் என்று ஆள் கையில் கொடுத்தனுப்பினாய். அப்படியென்றால் இன்னும் பின் வரிசையில்தான் நிற்கிறாய். நான் இதைத் தபாலில் போடுகிறேன். வழியில் யார் பிரித்தாலும் பிரிக்கட்டும், படிக்கட்டும். பிரிக்காமல் உன் கைக்கு வந்தால், அன்றைக்கே இந்தத் துண்டைக் கொண்டுபோய் உன் பெரிய ஆபீசர் மேசைமேல் வை. பட்டையைத் திருப்பிக் கொடுப்பார்களோ மாட்டார்களோ, எனக்கு அது வேண்டாம். அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிற வார்த்தையை அடித்து, அவரை லிஸ்டில் ஏற்றச் சொல்.

குயவர் அர்த்தனாரி இன்னொரு பொம்மை செய்து கொடுத்தார். தோளில் மண்வெட்டி, கையில் கூடை. மீசை கொஞ்சம்தான். நேற்று அதைச் சுமந்து போய் எல்லையில் நிறுத்தினேன். பழைய பொம்மையும் பக்கத்தில்தான் நிற்கிறது, கையில் வெறும் குச்சியோடு. அது இனி நீ. "அக்கா, கொடுத்துவிட்டேன்" என்று உன் கையால் எழுதி வரட்டும், பீவியம்மாவிடம் கேட்டுப் புதுத் துணியில் கொடி தைத்து உனக்கு நானே கட்டுவேன். அதுவரை குச்சிதான்.

பூசாரி காளியண்ணன் மண்வெட்டிக்காரனைச் சுற்றிப் பார்த்தார். "இதுல கொடி இல்லயே. மம்புட்டி தூக்கற ஆளு நாட்டுல ஆயிரம் பேரு. கருப்பன் யாருன்னு தேடுவான்? யாருக்கம்மா காவலு?" என்று கேட்டார்.

சாமி கும்பிட வந்த பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். தொட்டுக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னேன். கருப்பன் காதில் விழுகிற மாதிரி வாய்விட்டுச் சொன்னேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத பேர் அது. சாமி முன்னால் சொல்லிவிட்டேன், அது திருடன் பேராக இருக்கக் கூடாது.

உன் பதிலுக்காக மண்டியில் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராசப்பன் பெண்டாட்டி
பெருமாயி